டைம்ஷேர் வாரத்தை ஓனரிடமிருந்தே வாடகைக்கு எடுக்கிறோம்: பத்திரம் காட்டினால் போதுமா?

கேள்வி, ஜனவரி 11, 2025

ராலேயிலிருந்து எழுதுகிறேன். ஏப்ரல் 12 சனிக்கிழமை தொடங்கி ஒரு வாரம் ஆர்லாண்டோ போகிறோம். நாங்கள் நாலு பேர், கூட மாமனாரும் மாமியாரும். போனெட் க்ரீக் ரிசார்ட்டில் டைம்ஷேர், அதாவது ஆண்டுதோறும் ஒரு வாரம் தங்கும் உரிமை, வைத்திருக்கும் ஒரு ஓனர் இரண்டு பெட்ரூம் வீடு, வாரம் 1,400 டாலர் என்று விளம்பரம் போட்டிருந்தார். ஹோட்டலில் இரண்டு அறை எடுத்தால் இதைவிடக் கூட வருகிறது, சமைக்கவும் முடியாது. அவர் தன் பெயரில் இருக்கும் பத்திரத்தின் நகலை அனுப்பிவிட்டார். அந்தக் கவுண்டியின் (மாவட்ட நிர்வாகத்தின்) இணையதளத்தில் நானே தேடினேன், அதே பெயர் இருக்கிறது. முழுப் பணத்தையும் ஸெல் என்ற வங்கிப் பணமாற்றச் சேவையில் அனுப்பச் சொல்கிறார். பத்திரமே சரியாக இருக்கும்போது பயப்பட ஒன்றுமில்லை என்கிறேன் நான். என் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். யார் சொல்வது சரி?

ஜனவரி 11, இரவு

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி. இன்று எதுவும் அனுப்பாதீர்கள்.

ஆரஞ்சு கவுண்டி கம்ப்ட்ரோலர் அலுவலகத்தின் பத்திரப் பதிவேடு யாரும் பார்க்கலாம். நீங்கள் தேடியதுபோல நானும் தேடலாம், ஒரு திருடனும் தேடலாம். போனெட் க்ரீக்கில் வாரம் வைத்திருக்கும் யாரோ ஒருவருடைய பத்திரத்தை இறக்கி, அதே பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி திறந்து, உங்களுக்கு அனுப்ப அரைமணி நேரம் போதும். நீங்கள் சரிபார்த்தது பத்திரம் உண்மையா என்பதை. உங்களோடு பேசுகிறவர்தான் அந்தப் பத்திரத்தில் இருக்கிறாரா என்பது இன்னும் தெரியவில்லை.

அவரேதான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பத்திரம் சொல்வது அவருக்கு அங்கே உரிமை உண்டு என்பதை மட்டுமே. ஏப்ரல் 12-க்கு அவர் புக் செய்திருக்கிறாரா, செய்திருந்தால் இரண்டு பெட்ரூமா, அதில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா, இந்த ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தைக் கட்டியிருக்கிறாரா என்று எதையும் அது சொல்லாது. கட்டணம் பாக்கி என்றால் ரிசார்ட் அவரையே உள்ளே விடாது, அவர் அனுப்பும் ஆளை எப்படி விடும்?

ஜனவரி 12

காலையில் கொஞ்சம் நேரம் கிடைத்தது, விரிவாக எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பல வருடமாக விடுமுறைக்கு இப்படித்தான் வாரம் எடுக்கிறோம். ஆர்லாண்டோ, ஹில்டன் ஹெட், ஹவாய். சந்தித்த ஓனர்களில் பெரும்பாலோர் நல்ல மனிதர்கள். பிள்ளைகள் பெரியவர்களாகி, அந்த வாரத்துக்குப் போக முடியாமல், பராமரிப்புக் கட்டணமாவது திரும்பட்டும் என்று விடுகிறவர்கள். ஆகவே இந்த வழியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வரிசை முக்கியம். முதலில் பெயர், பிறகு போன், அதன்பின் பணம்.

பெயர் என்றால் இதுதான்: அவர் தன் கணக்கிலிருந்து புக் செய்த வாரத்தில் தங்கப்போகிறவராக உங்கள் பெயரை ஏற்ற வேண்டும். எல்லாப் பெரிய கம்பெனிகளிலும் இதற்கு வழி இருக்கிறது. சிலவற்றில் சின்னக் கட்டணம் உண்டு. அதை யார் கட்டுவது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். பெயர் ஏறியதும் கன்ஃபர்மேஷன் நம்பரோடு ஒரு கடிதம் வரும்.

போன் என்றால், அந்தக் கடிதத்தில் இருக்கும் எண்ணுக்கு அல்ல. ரிசார்ட்டின் எண்ணை நீங்களே தேடி எடுத்து அழையுங்கள். பிடிஎஃப் கோப்பில் பெயர், தேதி, போன் நம்பர் எதையும் மாற்றுவது இப்போது குழந்தை வேலை. ரிசப்ஷனில் கேட்க வேண்டியது: இந்த எண்ணில், இந்தத் தேதியில், என் பெயரில் அறை இருக்கிறதா? எத்தனை பெட்ரூம்? இது ஓனரின் சொந்த வாரமா, பரிமாற்றத்தில் வந்ததா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

பணம் அதற்குப் பிறகு. பெயர் ஏற்றும் முன் முழுத் தொகையைக் கேட்கிறவரோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் அட்வான்ஸ் கேட்டால் நியாயம், ஏனென்றால் அவரும் உங்களை நம்பி ஒரு வாரத்தை ஒதுக்குகிறார்.

ஜனவரி 13

"ஸெல் வங்கியின் சேவைதானே, அதில் என்ன ஆபத்து" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

வங்கியின் சேவைதான். ஆனால் அது நமக்குத் தெரிந்தவர்களுக்கிடையே பணம் மாற்றுவதற்கானது. பணம் சில நிமிடத்தில் போய்விடும். வாங்கிய பொருளோ சேவையோ கிடைக்காவிட்டால் திருப்பித் தரும் பாதுகாப்பு அதில் கிடையாது. நீங்களே விரும்பி அனுப்பியதால் வங்கி பெரும்பாலும் கையை விரித்துவிடும். பேபாலில் நண்பருக்கு அனுப்புவதுபோல் அனுப்பினாலும் இதே கதைதான். கட்டணம் மிச்சமாகும் என்று அப்படி அனுப்பச் சொல்வார்கள். அந்தக் கட்டணம் மூன்று சதவீதம் அளவுக்கு வரும். அதை நானே தருகிறேன், பொருள் வாங்கும் வழியில் அனுப்புகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். உண்மையான ஓனர் பெரும்பாலும் சம்மதிப்பார்.

வயர் டிரான்ஸ்ஃபர், கிஃப்ட் கார்டு, கிரிப்டோ என்று யாராவது வாயைத் திறந்தால் பேச்சை வளர்க்கவே வேண்டாம்.

ஜனவரி 15

எனக்கு நடந்ததைச் சொன்னால் மேலே எழுதியது இன்னும் புரியும். ஹவாயின் மாவி தீவில் கானபலி கடற்கரைப் பக்கம் ஒரு வாரம் தேடிக்கொண்டிருந்தோம். என் மனைவியின் பெற்றோர் ஊரிலிருந்து வந்திருந்தார்கள், அவர்களோடு போக ஆசை. ஒருவர் கடல் பார்த்த ஒரு பெட்ரூம் வீட்டை நல்ல விலைக்குத் தருவதாகச் சொன்னார். விலை மிகக் குறைவும் இல்லை, அதனால் சந்தேகம் வரவில்லை. பேச்சு இனிமையாக இருந்தது. தன் பேரப்பிள்ளைகள் படம்கூட அனுப்பினார். கன்ஃபர்மேஷன் கடிதம் வந்தது, லோகோவெல்லாம் கச்சிதம்.

என் பெயரை ஏற்றுங்கள், ரிசார்ட்டை அழைத்துப் பார்த்துவிட்டுப் பாதியை உடனே அனுப்புகிறேன் என்றேன். பெயரை வந்திறங்கும் வாரத்தில்தான் ஏற்ற முடியும் என்றார். நான் ரிசார்ட்டை அழைத்துப் பொதுவாகக் கேட்டேன். ஓனர் எப்போது வேண்டுமானாலும் விருந்தினர் பெயரை ஏற்றலாம் என்றார்கள். அதை அவரிடம் சொன்னதும், வேறொரு குடும்பமும் இதே வாரத்தைக் கேட்கிறது, இன்று மாலைக்குள் முழுப் பணம் வராவிட்டால் அவர்களுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். கொடுத்துவிடுங்கள் என்று எழுதினேன். மறுநாள் விளம்பரமே காணாமல் போயிருந்தது.

அவசரப்படுத்துவதை வைத்தே ஆளை எடைபோட்டுவிடலாம். உண்மையான ஓனருக்கும் அவசரம் இருக்கலாம்தான், ஆனால் அவர் பெயரை ஏற்ற மறுக்க மாட்டார். ஏற்றினால் அவருக்குப் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. பணம் வராவிட்டால் எடுத்துவிடலாம்.

ஜனவரி 16

பரிமாற்ற வாரம் பற்றி. இதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை, அதனால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

டைம்ஷேர் வைத்திருப்பவர்கள் தங்கள் வாரத்தைக் கொடுத்து வேறு ஊரில் ஒரு வாரம் வாங்கிக்கொள்ள இரண்டு பெரிய அமைப்புகள் உண்டு. ஆர்சிஐ 1974-லும் இன்டர்வெல் இன்டர்நேஷனல் 1976-லும் தொடங்கியவை. அங்கே மாற்றி எடுத்த வாரத்தை நண்பருக்கோ உறவினருக்கோ கொடுக்கலாம், அதற்குக் கெஸ்ட் சர்டிஃபிகேட் வாங்க வேண்டும். ஆனால் காசு வாங்கிக்கொண்டு வாடகைக்கு விடக் கூடாது. இரண்டு அமைப்புகளின் விதியும் இதுதான். தெரிந்தால் புக்கிங்கையே ரத்து செய்வார்கள்.

அப்படி ரத்தாகும்போது ஏர்போர்ட்டிலிருந்து பெட்டிகளோடு வந்து ரிசப்ஷனில் நிற்பது வாடகைக்கு எடுத்தவர். விட்ட ஓனர் தன் வீட்டில் இருப்பார். அதனால் விளம்பரத்தைப் பார்த்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி: இது உங்கள் சொந்த ரிசார்ட்டில், உங்கள் சொந்த உரிமையில் புக் செய்ததா? கடிதத்தின் தலையில் ஆர்சிஐ அல்லது இன்டர்வெல் பெயர் இருந்தால் நான் எடுக்க மாட்டேன், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

ஒரே ஓனர் பத்து மாநிலத்தில் பத்து ரிசார்ட்டுகளுக்கு விளம்பரம் போட்டிருந்தால் பரிமாற்ற வாரமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் குறிப்பிட்ட வாரத்துக்குப் பதில் புள்ளிகளாகப் பெரிய உரிமை வைத்து, அவற்றைக் கொண்டு பல ரிசார்ட்டுகளில் புக் செய்பவர்களும் அப்படி விடலாம். கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜனவரி 19

விலையை வைத்து மோசடியைக் கண்டுபிடிக்க முடியாதா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். பாதி முடியும்.

ஓனர் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறார். நல்ல சீசனில் அதற்குக் கீழே விட அவருக்குக் காரணம் இல்லை. ஈஸ்டர் வாரத்தில் ஆர்லாண்டோவில் இரண்டு பெட்ரூம் வீட்டை 400 டாலருக்கு யாராவது கொடுத்தால் ஏதோ சரியில்லை. ஆனால் செப்டம்பரில், வந்திறங்க இரண்டு வாரமே இருக்கும்போது, அதே 400 டாலர் நியாயமான விலைதான். வாரம் வீணாகப் போவதைவிடக் கிடைப்பது லாபம் என்று கொடுப்பார்கள். டைம்ஷேர் யூசர்ஸ் குரூப் என்று 1993 முதல் ஓனர்களே நடத்தும் ஒரு குழு இருக்கிறது. அங்கே கடைசி நேர வாரங்களுக்கென்றே தனிப்பகுதி உண்டு. ஓனர்களின் பழைய பதிவுகளைப் படித்து அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பார்க்கலாம். பல வருடமாகப் பராமரிப்புக் கட்டணத்தைப் பற்றி அங்கே முறையிட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் நேற்று முளைத்த திருடனாக இருக்க முடியாது.

டைம்ஷேர் வாடகை விளம்பரங்கள் வரும் ரெட்வீக் இணையதளத்திலும் தேடலாம். ஓனர் விரும்பினால் அவருடைய புக்கிங்கை அவர்களே சரிபார்த்து விளம்பரத்தில் அடையாளம் போடுவார்கள். அந்த அடையாளம் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இருந்தாலும் நீங்கள் ஒருமுறை போன் செய்யுங்கள். சரிபார்த்த நாளுக்கும் நீங்கள் எடுக்கும் நாளுக்கும் நடுவே எதுவும் மாறியிருக்கலாம்.

ஜனவரி 22

12-ஆம் தேதி எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். டாலஸ் வாசகர் சொன்னது நியாயமாகப்படுகிறது: சில ரிசார்ட்டுகளில் போன் செய்தால், உங்கள் பெயர் புக்கிங்கில் இருந்தாலும் எதையும் சொல்ல மாட்டார்கள். ஓனரோடுதான் பேசுவோம் என்பார்கள்.

அப்படியானால் ஓனரையும் சேர்த்து மூவரும் ஒரே அழைப்பில் பேசலாம். எண்ணை நீங்கள் அழுத்த வேண்டும், ஓனரை நீங்கள் சேர்க்க வேண்டும். அவர் தன் விவரங்களைச் சொல்லித் திறந்ததும், ரிசார்ட் ஆள் புக்கிங்கை வாசிப்பதை நீங்களே கேட்கலாம். எங்களுக்கு வாரம் தந்த ஒரு வயதான அம்மா இதற்குத் தயங்காமல் வந்தார். பேசி முடித்தபின் நீச்சல் குளத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தைக் கேட்டு வாங்குங்கள், நடக்கச் சுலபம் என்று அறிவுரையும் சொன்னார். அப்படிப்பட்டவர்களிடம் வருடா வருடம் வாங்கலாம், நாங்கள் வாங்கினோம்.

இன்னொன்றும் இருக்கிறது. போனில் சரிபார்த்தது அந்த நிமிடத்துக்கு மட்டுமே உண்மை. புக்கிங் ஓனரின் கணக்கில்தான் இருக்கிறது. நீங்கள் வந்திறங்கும் நாள்வரை அவரால் அதை ரத்து செய்யவோ பெயரை மாற்றவோ முடியும். இதை முழுக்க அடைக்கும் பூட்டு எதுவும் இல்லை. பணம் போகும் வழியும், எழுத்தில் இருக்கும் ஒப்பந்தமும்தான் மிச்சப் பாதுகாப்பு. பாக்கி அனுப்பும் அன்று ஒருமுறை, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு ஒருமுறை மறுபடியும் அழையுங்கள்.

ஜனவரி 27

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்கென்றே ஒரு தொல்லை.

ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாக்களின் பாஸ்போர்ட்டில் பலமுறை ஒரே பெயர்தான் இருக்கும், இனிஷியல் தனியாக நிற்கும். ஒரே பெயர் என்றால் அமெரிக்க விசாவில் அதைக் குடும்பப் பெயராக வைத்து, முன்பெயர் இடத்தில் எஃப்என்யூ (முன்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சடிப்பார்கள். ஓனர் தன் கணக்கில் உங்கள் மாமனார் பெயரை ஏற்றி, அவருடைய அப்பா பெயரைப் பின்னால் சேர்த்துவிட்டால், ரிசப்ஷனில் அடையாள அட்டையும் புக்கிங்கும் பொருந்தாது.

ஆகவே ஏற்றும் பெயர், முதலில் போய்ச் சாவி வாங்கப்போகிறவருடைய பெயராக இருக்கட்டும். டிரைவர் லைசென்ஸில் இருக்கும் எழுத்துக்கூட்டலை அப்படியே கொடுங்கள். டெபாசிட்டுக்குக் காட்டும் கிரெடிட் கார்டும் அதே பெயரில் இருப்பது நல்லது. பல இடங்களில் 21 வயது ஆகியிருக்க வேண்டும். பெரியவர்கள் முந்தின விமானத்தில் வந்து முதலில் போய் இறங்குவதாக இருந்தால், இரண்டாவது பெயரையும் சேர்க்க முடியுமா என்று முன்பே கேளுங்கள். என் அம்மா லாபியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார், நாங்கள் போய்ச் சேரும்வரை. யார் மேலும் குறை சொல்ல ஒன்றுமில்லை, விதி அப்படி. ஆனால் எழுபது வயதுக்காரருக்கு அது நீண்ட நேரம்.

பிப்ரவரி 3

ராலே சகோதரி எழுதியிருக்கிறார். அந்த ஓனர் மூவர் அழைப்புக்குச் சம்மதிக்கவில்லை, பேபாலும் வேண்டாம் என்றாராம். விட்டுவிட்டு வேறொருவரிடம் அதே ரிசார்ட்டில் 1,650 டாலருக்கு எடுத்திருக்கிறார்கள். பெயர் ஏறிவிட்டது, ரிசார்ட்டில் இரண்டு முறை கேட்டாகிவிட்டது, கிரெடிட் கார்டில் கட்டியிருக்கிறார்கள். 250 டாலர் கூடப் போனதில் வருத்தம் என்கிறார். எனக்கு அதில் வருத்தமே இல்லை. முதல் ஆள் உண்மையானவராகவே இருந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள அவர் வழிவிடவில்லை, அவ்வளவுதான்.

போனெட் க்ரீக்கை நான் சிபாரிசு செய்ய ஒரு காரணம், அதைச் சுற்றி மூன்று பக்கமும் டிஸ்னி நிலம். பூங்காக்கள் பக்கத்தில். மதியம் பெரியவர்களை அழைத்து வந்து படுக்க வைத்துவிட்டு, சாயங்காலம் மறுபடி போகலாம்.

பிப்ரவரி 3, சற்றுப் பின்

சமையலறை பற்றிக் கேட்க மறக்காதீர்கள். நம் வீடுகளில் டைம்ஷேர் எடுப்பதே பாதி அதற்காகத்தான். லாக்-ஆஃப் என்று ஒரு வகை வீடு உண்டு. இரண்டு பெட்ரூம் வீட்டை நடுக்கதவைப் பூட்டி, ஒரு பெட்ரூம் வீடாகவும் ஒரு ஸ்டூடியோவாகவும் பிரித்து விடுவார்கள். ஸ்டூடியோவில் பெரும்பாலும் மைக்ரோவேவும் சின்ன ஃபிரிட்ஜும்தான், அடுப்பு இருக்காது. விளம்பரத்தில் கிச்சன் என்று மட்டும் போட்டிருந்தால், அடுப்பு எத்தனை பர்னர் என்று கேளுங்கள். ரைஸ் குக்கரை நாங்கள் கையோடு கொண்டுபோகிறோம். தாளிக்கும்போது காற்றுப்போக்கி ஓடட்டும், ஸ்மோக் அலாரம் கடுகுக்கும் தீக்கும் வித்தியாசம் பார்க்காது.

எத்தனை பேர் தங்கலாம் என்ற எண்ணிக்கையையும் பாருங்கள். ஒரு பெட்ரூம் என்றால் பல இடங்களில் நாலு பேர். கூடத்து சோபாவில் இருவர் படுப்பதையும் சேர்த்துத்தான் அந்த நாலு. கைக்குழந்தையையும் எண்ணும் இடங்கள் உண்டு.

பிப்ரவரி 4

ஒப்பந்தம் எப்படி எழுதுவது என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். வக்கீல் வேண்டாம், இரண்டு பக்கம் போதும். இருவர் பெயர், முகவரி, ரிசார்ட், வீட்டின் வகை, எந்தப் பக்கம் பார்த்தது, வரும் நாள், போகும் நாள், கன்ஃபர்மேஷன் நம்பர், மொத்தத் தொகை, எப்போது எவ்வளவு என்பதெல்லாம் இருக்கட்டும். வாரத்தை எண்ணால் மட்டும் எழுதாதீர்கள். 16-ஆம் வாரம் என்றால் வெள்ளி, சனி, ஞாயிறு என்று தொடங்கும் கிழமையைப் பொறுத்துத் தேதி மாறும்.

பிறகு முக்கியமான வாக்கியங்கள். இது ஓனரின் சொந்த உரிமையில் எடுத்த புக்கிங், பரிமாற்றம் இல்லை. பராமரிப்புக் கட்டணம் கட்டியாகிவிட்டது. ஓனர் ரத்து செய்தாலோ, அவர் பக்கக் காரணத்தால் அறை மறுக்கப்பட்டாலோ முழுப் பணமும் இத்தனை நாளுக்குள் திரும்ப வேண்டும். நீங்கள் ரத்து செய்தால் என்ன என்பதையும் நேர்மையாக எழுதுங்கள். அப்போது பெரும்பாலும் பணம் திரும்பாது, அது நியாயமும்கூட.

ரிசார்ட்டில் கட்ட வேண்டியவற்றுக்கும் ஒரு வரி வேண்டும். பார்க்கிங் கட்டணம், சில இடங்களில் ரிசார்ட் கட்டணம். ஹவாயில் தங்குபவரிடம் தினக்கணக்கில் அரசு வரி வாங்குவார்கள். ஒரு வாரம் தங்கி முடிக்கும்போது அது கணிசமான தொகை. ஓனர் கட்டுவாரா நீங்களா என்று எழுத்தில் இல்லாவிட்டால் கிளம்பும் காலையில் பேச வேண்டிவரும்.

பிப்ரவரி 12

டிஸ்னி வெகேஷன் கிளப் பற்றிக் கேட்டவருக்கு. டிஸ்னியே நடத்தும் டைம்ஷேர் அது, 1991-ல் தொடங்கியது. புள்ளிக் கணக்கு. உறுப்பினர் தன் சொந்த ரிசார்ட்டில் 11 மாதம் முன்பும், மற்றவற்றில் 7 மாதம் முன்பும் புக் செய்யலாம். வாடகைக்கு எடுக்கும்போது புள்ளிக்கு ஏறக்குறைய 20 டாலர் என்று பேசுவார்கள். விலையைவிட அங்கே எனக்குப் பிடித்தது, கன்ஃபர்மேஷன் நம்பரை உங்கள் சொந்த டிஸ்னி கணக்கில் சேர்த்துப் பார்க்கலாம். புக்கிங் இருந்தால் உங்கள் திரையிலேயே தெரியும், ரத்தானாலும் தெரியும். வேறு இடங்களில் போன் செய்து அறிய வேண்டியதை இங்கே தினமும் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் எதையும் மாற்ற வேண்டும் என்றால் உறுப்பினர்தான் டிஸ்னியோடு பேச வேண்டும். பதில் எழுதவே நாலு நாள் எடுக்கும் ஓனரிடம் எடுக்காதீர்கள். முதல் இரண்டு மின்னஞ்சலிலேயே அது தெரிந்துவிடும்.

பிப்ரவரி 20

புயல், தீ, நோய். இதைப் பேசாமல் இந்த இழை முழுமையாகாது.

2020 மார்ச் நடுவில் ஆர்லாண்டோ டிஸ்னி மூடியது, ஜூலை 11-ல்தான் திறந்தது. 2022 செப்டம்பர் 28-ல் இயன் புயல் ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையில் ஏறியது. சனிபெல் தீவில் கடலோரம் நிறைய டைம்ஷேர்கள் இருந்தன, தீவுக்குப் போகும் பாலச் சாலையே அறுந்தது. 2023 ஆகஸ்டில் மாவியில் லஹைனா எரிந்தபோது, மேற்கு மாவிக்குச் சுற்றுலா அக்டோபர்வரை நின்றது. கானபலி அங்கேதான் இருக்கிறது.

இப்படிப்பட்ட நேரத்தில் ரிசார்ட் ஓனருக்குப் புள்ளிகளையோ வேறொரு வாரத்தையோ திருப்பித் தரலாம், தராமலும் போகலாம். வாடகைக்கு எடுத்தவரை ரிசார்ட்டுக்குத் தெரியவே தெரியாது. ஓனரோ உங்கள் பணத்தைப் பராமரிப்புக் கட்டணத்துக்குக் கட்டிவிட்டிருப்பார். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, ஆனாலும் இருவரும் சண்டைக்கு நிற்பார்கள். 2020 கோடை முழுக்க இதைப் பார்த்தேன், மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டால் இது தீரும். ரிசார்ட் மூடினால், ஓனருக்கு என்ன திரும்புகிறதோ அதை வாடகைக்கு எடுத்தவருக்குக் கொடுப்பார்: பணமானால் பணம், புள்ளியானால் வேறு தேதி. இதைத்தான் நான் எழுதுகிறேன், ஓனர்களும் ஏற்கிறார்கள். மேலே பயணக் காப்பீடு எடுங்கள். ஒப்பந்தமும் ரசீதும் கையில் இருந்தால்தான் க்ளெய்ம் செய்ய முடியும். காப்பீடு நோய்க்கும் புயலுக்கும் உதவும். ஓனர் ஏமாற்றினால் பெரும்பாலான பாலிசிகள் உதவாது. பாலிசியைப் படிக்காமல் அதை நம்பி ஸெல்லில் அனுப்பிவிடாதீர்கள்.

மார்ச் 2

ஊரில் கொடைக்கானலுக்கோ மூணாறுக்கோ இதே முறை செல்லுமா என்று கோவை வாசகர் கேட்கிறார்.

பெயர், போன், பணம் என்ற வரிசை அங்கேயும் செல்லும். மற்றவை வேறு. அமெரிக்காவில் பலருக்குப் பதிவான பத்திரம் இருக்கிறது. ஊரில் பெரும்பாலும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கான உறுப்பினர் உரிமைதான். உதாரணமாக, கிளப் மஹிந்திராவின் வழக்கமான உறுப்பினர் திட்டம் 25 ஆண்டு, ஆண்டுக்கு 7 இரவு, கூட்டம் மிகுந்த சீசனிலிருந்து குறைந்த சீசன்வரை பர்ப்பிள், ரெட், ஒயிட், ப்ளூ என்று நிறம். ப்ளூ சீசன்காரர் மே மாதத்து ஊட்டியைத் தருகிறேன் என்றால் எப்படி என்று கேளுங்கள். உறுப்பினர் தன் விருந்தினராக உங்களை அனுப்புவது ஒன்று, காசுக்கு விடுவது வேறு. அவருடைய திட்டத்தின் விதிப் பக்கத்தை வாங்கிப் படித்துவிட்டு முடிவெடுங்கள். சாப்பாட்டுச் செலவையும் விசாரியுங்கள், எல்லா அறையிலும் சமைக்க முடியாது.

மார்ச் 9

ஓனர் பக்கமிருந்து ஒருவர் எழுதியது நல்லதாகப் போயிற்று. நாம் அவர்களைச் சந்தேகிப்பதுபோலவே அவர்களும் பயப்படுகிறார்கள். கார்டில் கட்டிவிட்டு, ஒரு வாரம் தங்கிவிட்டு, அறையே கிடைக்கவில்லை என்று வங்கியில் புகார் செய்யும் ஆட்கள் உண்டாம். சோபாவைப் பாழாக்கினால் ரிசார்ட் கேட்பது ஓனரைத்தான். ஆகவே அவர் உங்கள் லைசென்ஸ் நகலையோ வேலை விவரத்தையோ கேட்டால் கோபப்படாதீர்கள். முகம் பார்த்துப் பேசலாம் என்று வீடியோ அழைப்புக்கு நீங்களே கூப்பிடுங்கள். இரண்டு பக்கமும் பயம் குறையும். லைசென்ஸ் எண்ணை மட்டும் மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

அவருக்கு என் பக்கத்திலிருந்து ஒரு எச்சரிக்கை. உங்கள் வாரத்துக்கு ஆள் தயாராக இருக்கிறார், வரியை மட்டும் முன்பணமாகக் கட்டுங்கள் என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். மெக்சிகோவில் டைம்ஷேர் வைத்திருக்கும் அமெரிக்கர்களை, அதிலும் வயதானவர்களை, இப்படி உறிஞ்சும் கூட்டங்களுக்குப் பின்னால் போதைக் கும்பல் இருக்கிறது என்று சொல்லி 2023-ல் அமெரிக்க நிதித் துறையே தடை விதித்தது. உண்மையான வாடகையில் பணம் ஓனருக்கு வரும். ஓனரிடமிருந்து முன்பணமாகப் போகாது.

மார்ச் 15

கிறிஸ்துமஸ் வாரத்துக்கு இப்போதே முழுப் பணமும் பேபாலில் கட்டலாமா என்ற கேள்வி. பொருள் வாங்கும் வழியில்தான் கட்டுகிறேன், பாதுகாப்புதானே என்கிறார்.

கொஞ்சம் பொறுங்கள். பேபாலில் புகார் செய்ய 180 நாள்தான், அதுவும் பணம் கட்டிய நாளிலிருந்து. இன்று கட்டினால் செப்டம்பர் 11-ல் முடிந்துவிடும். நீங்கள் போவது டிசம்பர் 20. அன்று அறை இல்லை என்றால் பேபாலிடம் போக வழியில்லை. தங்கும் இடம் சார்ந்த சில விஷயங்கள் அந்தப் பாதுகாப்பில் அடங்காமல் போகலாம், அதையும் விதியில் பாருங்கள். பேபாலுக்குப் பின்னால் வங்கிக் கணக்கு இல்லாமல் கிரெடிட் கார்டு இருந்தால் கார்டு கம்பெனியிடம் போகலாம். விசா போன்றவற்றில் கிடைக்காத சேவைக்கு, அது கிடைக்க வேண்டிய நாளிலிருந்து 120 நாள் கணக்கு. உங்கள் வங்கியிடம் அதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

நான் செய்வது இது. இப்போது சின்ன அட்வான்ஸ், போனாலும் தாங்கக்கூடிய தொகை. உடனே பெயர் ஏற்ற வேண்டும், ரிசார்ட்டில் கேட்க வேண்டும். பெரிய பாக்கியை ஜூன் 23-க்குப் பிறகு (டிசம்பர் 20-க்குச் சரியாக 180 நாள் முன்பு வரும் நாள் அது), முடிந்தால் அக்டோபரில் கட்டுகிறேன் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஓனர் ஜனவரியில் கட்ட வேண்டிய பராமரிப்புக் கட்டணத்துக்காகத்தான் பணம் தேடுகிறார் என்றால் அக்டோபர் அவருக்கும் போதும்.

ஓனர் பெயரும் பேபால் கணக்கின் பெயரும் ஒன்றா என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள்.